துரை காய்ச்சினால் வரலாறு, தொழிலாளி ஊறவைத்தால் வழக்கு

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் எனக்குப் படங்கள் சில அனுப்பியிருந்தார். கந்தப்பளைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, பேராதனையில் என்னோடு கலைப்பீடத்தில் பயின்று, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கடல் கடந்தவர் அவர். படத்தில் அவர் வீட்டு நிலவறை தெரிந்தது. அங்கே ஒரு பெரிய கண்ணாடிச் சாடி. அதனுள் பொன்னிறமாய் நுரைத்துக்கொண்டிருந்த ஒரு பானம். தேனையும் தண்ணீரையும் மதுவத்தையும் சேர்த்து அவரே ஊறவைத்த தேன் பியர். கனடாவில் இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. விற்காமல் இருந்தால் போதும்.

அவர் அதோடு நின்றிருக்கலாம். செய்முறையையும் எழுதி, கந்தப்பளையில் இருக்கும் தம் அண்ணன் மகனுக்கும் அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை லயத்துக்குப் பின்னால் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கின்றான். பொங்கலுக்கு ஊறவைக்கப் போவதாக உற்சாகமாக எனக்குச் சொன்னான். "தம்பி, வேண்டாம், சாடியைக் கழுவி எடுத்து வை. அங்கே அது பொழுதுபோக்கு, இங்கே குற்றம்" என்றேன். "ஏன் சித்தப்பா? இது கசிப்பு இல்லையே?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நம் நாட்டுச் சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதே அதற்கான பதில். இந்தப் பதிலைத் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட முடியாது என்பதனால் இங்கே எழுதுகின்றேன்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று நம்மிடம் உண்டு. நூறாண்டுகளுக்கு மேலாகப் பலமுறை திருத்தப்பட்டும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை. அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பது அதன்படி குற்றம். தயாரிப்பதற்கான பாத்திரபண்டங்களை வைத்திருப்பதும் குற்றம். ஊறவைத்து நொதிக்கச் செய்ததாயினும், காய்ச்சி வடித்ததாயினும் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் மதுபானமே. தன் வீட்டில், தன் கையால், தானும் தன் உறவினரும் அருந்துவதற்கு ஏழெட்டுப் போத்தல் செய்பவனுக்கென்று அதில் தனியிடம் ஒதுக்கப்படவில்லை. பீப்பாய் கணக்கில் கோடா புதைத்து வைத்திருக்கும் கசிப்பு முதலாளியும் அவனும் ஒரே பிரிவின் கீழ் நிற்க வேண்டியவர்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மவர் பலரும், படித்தவர் உட்பட, வீட்டில் செய்யும் மது என்றவுடன் கண் குருடாவதையும் ஆள் சாவதையும் நினைத்து நடுங்குகின்றனர்.

தேனில் ஏறத்தாழ எண்பது சதவீதம் சர்க்கரை. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. அவ்வளவு குறைந்த ஈரத்தில் மதுவம் பிழைக்காது. ஆகவேதான் நல்ல தேன் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கின்றது. அதில் தண்ணீரைக் கலந்தால் கதை மாறுகின்றது. ஒரு கிலோ தேனுக்கு ஆறு லீற்றர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், மதுவம் அந்தச் சர்க்கரை முழுவதையும் தின்று முடித்தபின் ஏறத்தாழ ஆறு சதவீத மதுசாரம் கொண்ட பானம் கிடைக்கும். கடையில் விற்கும் சாதாரண பியரை விடச் சற்றே கூடுதல். நல்ல கள்ளுக்கு அண்மையானது. கந்தப்பளைக் குளிரில் மதுவம் சோம்பலாகத்தான் வேலை செய்யும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேனில் சர்க்கரை மிகுதியே தவிர, மதுவத்துக்கு வேண்டிய நைதரசன் மிகவும் குறைவு. அதனாலேயே ஊறவைப்பவர்கள் முந்திரிகை வற்றலோ பழச்சதையோ சிறிது சேர்ப்பார்கள். நுரைப்பு அடங்குமுன் போத்தலில் அடைத்தால் போத்தல் வெடிக்கும். இந்தத் தொழிலில் உள்ள ஆபத்து பெரும்பாலும் அவ்வளவுதான்.

(சொற்களில் கறாரானவர்கள், பியர் என்றால் முளைகட்டிய வாற்கோதுமை இருந்தாக வேண்டும், வெறும் தேனில் செய்தது தேன்மது என்பார்கள். சரிதான். வாற்கோதுமையும் தேனும் சேர்த்துக் காய்ச்சுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இடைக்காலத்திலேயே இருந்த வழக்கம். நண்பர் இரண்டு விதமாகவும் செய்கின்றார். மதுவரிச் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே என்பதால் நானும் இங்கே பிரிக்கவில்லை. வீதியோரத்தில் தேன் என்று விற்கப்படுவதை வாங்கினால் அது சீனிப்பாகாக இருக்கவும் கூடும். மதுவத்துக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. எதைக் கொடுத்தாலும் நொதிக்கும்.)

கசிப்பு வேறு. சீனியும் மதுவமும் தண்ணீரும் பீப்பாயில் இட்டு ஊறவைத்த கோடா அதன் முதற்படி. அந்தப் படியில் நின்றால் அதுவும் ஒருவகை மட்டமான பியர்தான். பின்னர் ஓடைக்கரையிலோ காட்டு மறைவிலோ அதைத் தகரப் பீப்பாயில் ஏற்றி, அடியில் தீ மூட்டி, ஆவியைக் குழாய் வழியே செலுத்திக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக வடிக்கின்றனர். வடிப்பதற்குப் பயன்பட்ட பாத்திரம் முன்பு எதற்குப் பயன்பட்டது, வடிந்ததில் காரத்துக்காக என்ன கலக்கப்பட்டது, எத்தனை கை மாறி வந்தது என்பதெல்லாம் குடிப்பவனுக்குத் தெரியாது. விற்பனைக்கென்று செய்யப்படும் கள்ளச் சரக்கின் இயல்பு அது.

மெதனோல் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு மரக்காணத்தில் இதேபோன்று பலர் மாண்டிருந்தனர். தொழிற்சாலைகளுக்கென உற்பத்தியாகும் மெதனோலைச் சாராயமென்று விற்றதால் நேர்ந்த கொலைகள் அவை. தேனையோ சீனியையோ மதுவம் தின்னும்போது விளைவது எதனோல். பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து மெதனோல் உண்டாவது மிகச் சிறிய அளவில்தான். சாடியில் ஊறவைத்த தேனைக் குடித்து ஓர் ஊர் இழவு வீடானதாக நான் கேள்விப்பட்டதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கையில் இருக்கின்றது. அந்த ஏகபோகம் கள்ளக்குறிச்சியைத் தடுத்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆக, வேதியியலுக்குத் தெரிந்த வித்தியாசம் சட்டத்துக்கு ஏன் தெரியவில்லை? அது மக்களின் ஈரலைக் காப்பதற்காக எழுதப்பட்ட சட்டம் அன்று. கஜானாவைக் காப்பதற்காக எழுதப்பட்டது. பெயரிலேயே வரி இருக்கின்றது. இதை விளங்கிக்கொள்ள நுவரெலியாவின் கதைக்கே போக வேண்டும்.

பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய்ப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்க முனைந்தார். மாடு, நாய், கொல்லன், குதிரைக்காரன் என்று சகலத்தையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். குளிர்ந்த மலையும் நல்ல ஊற்றுநீரும் இருக்கப் பியருக்கு ஏன் இங்கிலாந்தை எதிர்பார்க்க வேண்டும்? 1849இல் அவர் அங்கேயே பியர் காய்ச்சத் தொடங்கினார் என்று, அந்த மரபில் வந்த நிறுவனமே தன் வரலாற்றில் பெருமையோடு கூறிக்கொள்கின்றது. துரைமாரின் தாகத்துக்கென்று தொடங்கிய காரியம் 1881இல் வணிக நிறுவனமாயிற்று. 1990களின் பிற்பகுதியில் பியகமவில் எழுந்த பெரிய ஆலையாக வளர்ந்தது. இந்நாட்டின் முதற் பியர், ஒரு துரை தன் குடியிருப்பில் தன் ஆட்களுக்காகக் காய்ச்சிய வீட்டுப் பியர் என்பதுதான் நான் கவனிக்கச் சொல்வது.

பேக்கர் 1855இல் வெளியிட்ட இலங்கை நினைவுகளில் ஒரு கதை வருகின்றது. அவர் அழைத்துவந்த ஆங்கிலேயக் குதிரைக்காரன் குடிவெறியில் குதிரை வண்டியை மலைப்பாதையிலிருந்து பள்ளத்தில் தள்ளிவிடுகின்றான். அதை மீட்கக் கொடுத்த யானையை ஓட ஓட விரட்டி அதன் உயிரையும் போக்கிவிடுகின்றான். பேக்கர் இதனை வாசகர் சிரிக்கும்படி எழுதியிருக்கின்றார். துரையின் ஆள் குடித்தால் நகைச்சுவை. இதே மலைகளில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் கொண்டுவரப்பட்ட நம் முன்னோர் குடித்தபோது அது "கூலிகளின் ஒழுக்கக்கேடு" ஆயிற்று.

அந்த ஒழுக்கக்கேட்டுக்குச் சாராயம் வார்த்தது யார்? சாராயக் குத்தகை முறை என்ற ஒன்று அக்காலத்தில் இருந்தது. சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும்; எடுத்தவர் தவறணைகளை நடத்திப் போட்ட பணத்தை மீட்டுக்கொள்வார். கோப்பித் தோட்டங்கள் பெருகிய மலைநாடு அவர்களுக்குப் பொன்விளையும் பூமியாயிற்று. பசியோடும் குளிரோடும், மாதச் சம்பளக் காசோடும் ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் குவிந்திருந்தால் வேறென்ன வேண்டும்? இலங்கையின் பெரும் பணக்காரக் குடும்பங்கள் பல இந்தக் குத்தகையில் முதல் சேர்த்தவை என்பதைக் கலாநிதி குமாரி ஜயவர்தன 2000இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். வேர்வை மலையகத்தினுடையது. மாளிகைகள் எழுந்தது வேறிடத்தில்.

1912இன் சட்டம் இந்தக் குத்தகைக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தி, வருமானத்தை அரசின் கைக்குள் கொண்டுவர வந்தது. ஊர்தோறும் கள்ளுத் தவறணைகளைத் திறக்கும் ஏற்பாடு அதனுடன் வந்ததால் மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கிளர்ந்தது. எஃப்.ஆர். சேனாநாயக்க, டி.எஸ். சேனாநாயக்க ஆகிய சகோதரர்கள் அதில் முன்னின்றனர். 1915 கலவரத்தை அடுத்துச் சிறையும் சென்றனர். (குடியைத் தடுக்கப் புறப்பட்ட அதே டி.எஸ். சேனாநாயக்கவின் அரசுதான் 1948இல் நம்மவரின் குடியுரிமையையும் பறித்தது என்பது தனிக் கதை.) மேடைகளில் ஒலித்த ஒழுக்க மொழியும் கட்டளைச் சட்டத்தின் வருமான மொழியும் நாளடைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. இன்று அனுமதியின்றி மது செய்தவனைப் பிடிக்கும் அதிகாரி தான் சமூகத்தைத் திருத்துவதாக உளமார நம்புகின்றார். உண்மையில் அவர் வரி வசூலிக்கின்றார்.

இதில் பிடிபடுபவர் யார்? நான் மலையகச் செய்தியாளனாக இருந்த ஆண்டுகளில் நீதிமன்ற வாசல்களில் எத்தனையோ காலைப்பொழுதுகளைக் கழித்திருக்கின்றேன். கசிப்பு வழக்குகள் அழைக்கப்படும்போது கூண்டில் நிற்பவர் அநேகமாக ஒரு பெண்ணாக இருப்பார். சோதனை நடந்த நேரத்தில் லயத்துக் காம்பராவில் இருந்தவர் அவர். கோடாவுக்கு முதல் போட்டவர் எங்கோ இருப்பார். அபராதத்தைக் கட்ட யாரோ ஒருவர் பணத்தோடு வருவார். அந்தப் பணம் கடனாகி, அந்தக் கடனுக்காக அடுத்த கோடாவுக்கும் அதே காம்பரா பயன்படும். நாலு வரியில் செய்தி எழுதுவோம்: "கசிப்புடன் பெண் கைது." முதலாளியின் பெயர் எழுதிய செய்தி ஒன்று என் நினைவில் இல்லை.

மறுபக்கம் அனுமதிபெற்ற கடைகளைப் பாருங்கள். 2024இல் மட்டும் நாட்டில் 361 மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. அவற்றில் 45 மத்திய மாகாணத்துக்கு. அரசியல் சலுகைகளாக அவை பகிரப்பட்டன என்ற குற்றச்சாட்டு தேர்தல் மேடைகளை அதிரவைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தேர்தல் ஆண்டில் 361 பேருக்கு விற்கும் உரிமை கொடுக்க முடிந்த அரசுக்கு, ஒரு தோட்டத்துப் பிள்ளை இரண்டு கிலோ தேனை ஊறவைக்கும் உரிமை பற்றி யோசிக்க நூற்றுப் பத்தாண்டுகள் போதவில்லை.

2018 ஜனவரியில் இன்னொரு கூத்தும் நடந்தது. பெண்கள் மதுபானம் வாங்குவதற்கும் மதுபானசாலைகளில் வேலை செய்வதற்கும் இருந்த தடையை அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனை மீளப்பெறப் பணித்தார். கூண்டில் நிற்கப் பெண்ணுக்குத் தகுதி உண்டு, கடையில் வாங்கத்தான் தகுதியில்லை.

விலைக் கணக்குக்கு வருவோம். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு போத்தல் சாராயம் வாங்க இரண்டு நாட்சம்பளம் போதவில்லை. வரி கூடக்கூடக் குடி குறையும் என்பது கொழும்பில் போடும் கணக்கு. மலையில் நடப்பது வேறு: சாராயத்திலிருந்து ஆள் கசிப்புக்கு இறங்குகின்றான். முப்பத்து மூன்று சதவீதச் சாராயத்திலிருந்து அளவே தெரியாத ஒன்றுக்குப் போகின்றான். மென்மையான பானத்துக்கு இறங்க அவனுக்கு வழியே விடப்படவில்லை. கடையில் கிடைக்கும் பியரில் மலிவாக ஏறுவது எட்டு சதவீதத்துக்கு மேற்பட்ட கடும் பியர். கந்தப்பளை உயரத்தில் கள்ளுக்குத் தென்னையும் இல்லை, பனையும் இல்லை. ஆறு சதவீதப் பானத்தை வீட்டில் ஊறவைத்து ஆறுதலாக அருந்தும் பழக்கம் உருவாகவே முடியாதபடி சட்டம் கதவை அடைத்திருக்கின்றது.

தேன் மலிவு என்று நான் சொல்ல வரவில்லை. நாட்சம்பளக்காரன் தினமும் தேனை ஊறவைத்துக் குடிக்கப்போவதில்லை. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ, பிள்ளையின் கல்யாணத்துக்கோ ஒரு சாடி. ஆனால் தேன் என்பது இங்கே ஓர் உரைகல். கசிப்பு என்று எந்த நேர்மையாளரும் பெயர்சூட்ட முடியாத ஒரு பானத்தையும் தண்டிக்கும் சட்டம் எதற்காக இருக்கின்றது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

இப்போது எதிர்வாதங்கள். நான் மதிக்கும் சமூகப் பணியாளர் ஒருவர், பெண்மணி, என்னிடம் கோபமாகவே கேட்டார்: "தோட்டத்தில் குடியால் அடிவாங்கும் பெண்களுக்கு நீங்கள் சொல்லும் மருந்து இன்னொரு குடியா?" இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளுபவன் மலையகத்தைப் பற்றி எழுதக் கூடாது. சம்பள நாளில் தவறணை வாசலில் காத்து நிற்கும் மனைவியரை நானும் பார்த்திருக்கின்றேன். ஆனால் அந்தப் பெண்களை அடிக்கவைத்த சாராயம் அனுமதிபெற்ற கடையிலிருந்து வந்தது. கசிப்பு, அனுமதிபெறாத கடையிலிருந்து வந்தது. இரண்டையும் இந்தச் சட்டம் தன் காவலின் கீழ்தான் வளரவிட்டிருக்கின்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டமும், அதனைச் சூழ்ந்து எழுந்த "மத்தட்ட தித்த" முழக்கங்களும் பதாகைகளை நிறைத்தன. நாடு பெற்ற நன்மைகள் சில உண்டு. விளம்பரத் தடை அவற்றுள் ஒன்று. லயத்தின் மாலை நேரத்தை அது தொடவில்லை. தவறணையைக் குறை, கசிப்பு முதலாளியைப் பிடி என்று அந்த அம்மையார் கேட்டால் நான் அவரோடு வீதிக்கு வருவேன். சாடியைப் பிடி என்று கேட்டால் வரமாட்டேன்.

வள்ளுவரைக் காட்டுபவர்களும் உண்டு. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் என்பது உண்மை. அவரவர் விரும்பினால் அதன்படி வாழலாம், வாழ்பவரை வணங்குகின்றேன். ஆயின் தமிழ் மரபு மதுவை அறியாதது என்று பேசுவோர், திருமுருகாற்றுப்படையையும் மலைபடுகடாத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். மூங்கிற் குழாயில் ஊறி விளைந்த தேன்தேறலை மலைக்குறவர் சுற்றத்தோடு அருந்தி, பறை முழங்கக் குரவை ஆடுவது முருகனின் குன்றில்தான். தேன், மலை, ஊறவைத்த மது என்ற மூன்றும் ஒன்றாய் நிற்கும் அந்தக் காட்சியை விரிவுரை மண்டபத்தில் குறிஞ்சித்திணை என்று பாடம் நடத்துவோம். கந்தப்பளையில் நடந்தால் பொலிஸுக்குத் தகவல் கொடுப்போம்.

மூன்றாவது வாதம் அதிகாரிகளுடையது: விலக்கு அளித்தால் கசிப்புக்காரன் தன் கோடாவையும் வீட்டுப் பானம் என்பான். சொல்லத்தான் செய்வான். அளந்து பார்த்தால் ஆயிற்று. பத்து லீற்றர் சாடிக்கும் இருநூறு லீற்றர் பீப்பாய்க்கும் வித்தியாசம் காண விஞ்ஞானி வேண்டியதில்லை. வடிகுழாயும் அடுப்பும் இருந்தால் அது வீட்டுப் பானம் அன்று. இதை உலகம் எப்போதோ தீர்த்துவிட்டது. நமக்கு இந்தச் சட்டத்தைத் தந்த பிரித்தானியா, தன் நாட்டில் வீட்டில் பியர் காய்ச்ச 1880 முதல் அனுமதிப்பத்திரம் கேட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதனை நீக்கிவிட்டார். அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம், வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலன், ஒரு வீட்டுக்கு 200 கலன் என்று உச்சவரம்பு வைத்தது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்திலும் அசாமிலும் பழங்குடி மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு மது செய்துகொள்ள விலக்கு உண்டு. எத்தியோப்பியாவில் தேஜ் என்னும் தேன்மதுவை வீடுகளில் ஊறவைப்பது விருந்தோம்பலின் பகுதி. எசமானன் தன் வீட்டில் கழற்றி எறிந்த சங்கிலியை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் மெருகேற்றி மாட்டிக்கொண்டிருக்கின்றோம்.

நான் கேட்பது பெரிதன்று. நொதித்த பானத்தையும் காய்ச்சி வடித்த பானத்தையும் சட்டம் வெவ்வேறாக வரையறுக்கட்டும். தேன், பழம், கித்துள் பாணி ஆகியவற்றிலிருந்து வீட்டுத் தேவைக்கு நொதிக்கவைப்பதற்கு, ஒரு வீட்டுக்கு இவ்வளவு லீற்றர் என்ற வரம்போடு விலக்களிக்கட்டும். விற்றால் குற்றம், வடித்தால் குற்றம், இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குக் கொடுத்தால் குற்றம் என்பன அப்படியே இருக்கட்டும். இதற்குப் புதிய திணைக்களமோ ஆணைக்குழுவோ வேண்டியதில்லை. திருத்தச் சட்டமூலமொன்றில் ஒரு பிரிவு போதும். மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்கள் எவராவது தனியார் பிரேரணையாகக்கூடக் கொண்டுவரலாம். மது அனுமதிப்பத்திரங்கள் பற்றிப் பேசுவதில் அவர்களுக்குக் கூச்சம் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

சட்டம் மாறினாலும் மிஞ்சியிருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். தேனீ வளர்க்க நிலம் வேண்டும். பண்டாரவளைப் பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கின்றது. மலைநாட்டு யூகலிப்டஸ் மரங்கள் பூக்கும்போது தேனுக்குக் குறைவில்லை. ஆனால் லயத்துக் குடும்பத்துக்குப் பெட்டி வைக்க ஒரு பேர்ச் சொந்த மண் கிடையாது. காம்பராவும் அதன் பின்புறமும் தோட்டத்துக்குச் சொந்தம். தம்பியின் இரண்டு பெட்டிகளும் துரை கண்டும் காணாமலும் இருப்பதால் நிற்கின்றன. நாளை அவர் மாற்றலாகிப் போனால் அவையும் போகும்.

நம் பத்திரிகைகளில் தேனீ வருவதெல்லாம் வேறு விதமாகத்தான். பெருமரங்களில் கூடு கட்டும் பம்பராத் தேனீ கலைந்து வந்து கொழுந்து பறிப்பவர்களைக் கொட்டும். குளவியும் கொட்டும். செய்தியில் இரண்டுக்கும் ஒரே பெயர்: "குளவிக் கொட்டுக்கு இலக்கான பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி." மாதம் தவறாமல் எங்கோ ஒரு தோட்டத்திலிருந்து அது வந்துகொண்டிருக்கும். சில வேளைகளில் மரணச் செய்தியாகவும் வரும். அடுத்த நாள் காலை அதே மலையில் பேர் போடுவார்கள்.